எலுமிச்சை ஊத்தினா பால் திரியுமே... அப்புறம் எப்படி க்ரீமி குச்சி ஐஸ்?

போன மே மாசம் அக்கா பொண்ணு லீவுக்கு வந்திருந்தாள். ஏழு வயசு. "சித்தி, வீட்லயே குச்சி ஐஸ் செஞ்சு தர்றியா?" என்று கேட்டாள். ரீல்ஸில் முப்பது செகண்டில் செய்கிறார்களே, இதென்ன பெரிய விஷயம் என்று களத்தில் இறங்கினேன். காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறவைத்த ஒரு லிட்டர் பால், நாலு எலுமிச்சம்பழம், ஒரு கைப்பிடி புதினா. சாற்றைப் பாலில் ஊற்றிய அடுத்த நிமிஷம் பாத்திரத்தில் இருந்தது ஐஸ் கலவை இல்லை. ஒரு பக்கம் பன்னீர், இன்னொரு பக்கம் பச்சைத் தண்ணி. நல்லவேளை, அப்போது சர்க்கரை போடவில்லை. மறுநாள் அது பட்டாணி கிரேவிக்குள் போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பால் பாக்கெட் விலையை மட்டும் சத்தமாகப் படித்தார்.

ரெண்டாவது தடவை பாலே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். எலுமிச்சைச் சாறு, சர்க்கரைத் தண்ணி, மிக்ஸியில் அரைத்த புதினா. ராத்திரி முழுக்க ஃப்ரீஸரில் இருந்து காலையில் வெளியே வந்தது, பல்லை உடைக்கும் ஒரு பழுப்புப் பச்சைக் கல். நாலு உறிஞ்சு உறிஞ்சியதும் இனிப்பெல்லாம் காலி, வெறும் வெள்ளை ஐஸ் பாக்கி. பாப்பா தீர்ப்பு சொன்னாள்: "சித்தி, இது ஐஸ்கட்டி. குச்சி மட்டும் எக்ஸ்ட்ரா."

நீங்களும் இந்த ரெண்டில் ஒன்றைக் கண்டிப்பாகப் பண்ணியிருப்பீர்கள். தப்பு உங்கள் கையில் இல்லை. ரெண்டு விஷயம் நமக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். தண்ணி ஏன் கல்லாகிறது, பால் ஏன் திரிகிறது. இது புரிந்துவிட்டால் ரெசிபியே இல்லாமல்கூட வீட்டில் இருப்பதை வைத்து க்ரீமியாக ஒன்று செய்துவிடலாம்.

முதலில் கல் பிரச்னை

தண்ணி உறையும்போது தனியாகத்தான் உறையும். சர்க்கரை, சாறு, வாசனை எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, சுத்தமான தண்ணி மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய ஐஸ் துகள்களாக வளரும். தள்ளிவிடப்பட்ட இனிப்பு அந்தத் துகள்களுக்கு நடுவில் பாகாகத் தேங்கி நிற்கும். உறிஞ்சினால் அந்தப் பாகு முதலில் வந்துவிடும், அப்புறம் மிஞ்சுவது ருசியே இல்லாத வெள்ளை ஐஸ். ஸ்கூல் வாசலில் வாங்கிய கலர் குச்சி ஐஸ் பாதியில் வெளுத்துப்போனது ஞாபகம் இருக்கிறதா? அதே கதைதான்.

குச்சி ஐஸின் பிறப்பே அப்படித்தான். 1905-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஃப்ராங்க் எப்பர்சன் என்ற 11 வயசுப் பையன், சோடா பவுடர் கலந்த தண்ணியை, கலக்கிய குச்சியோடு வாசலில் மறந்து வைத்துவிட்டான், ராத்திரிக் குளிரில் அது உறைந்துபோனது என்று சொல்வார்கள். வளர்ந்த பிறகு 1920-களில் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அவர் செய்தது இனிப்புத் தண்ணிக் கல். நமக்கு வேண்டியது வேறு.

ஐஸ்க்ரீம் கம்பெனிகளில் கலவையை உறையவைத்துக்கொண்டே கடைவார்கள். துகள்கள் பெரிசாக வளர நேரமே கிடைக்காது, கூடவே காற்றும் உள்ளே போகும். அதனால்தான் அந்த மென்மை. நம் அச்சில் கலவை அசையாமல் கிடக்கிறது. அப்போது துகள்கள் சேராமல் தடுக்க நடுவில் ஆள் வேண்டும். கொழுப்பு, சர்க்கரை, பால் புரதம், கொஞ்சம் மாவுச்சத்து, இவைதான் அந்த ஆட்கள். குல்ஃபியைப் பாருங்கள், அதையும் யாரும் கடைவதில்லை. பாலைச் சுண்டக் காய்ச்சித் தண்ணியை முதலிலேயே விரட்டிவிடுகிறார்கள். தண்ணி குறைந்தால் கல்லும் குறையும். குல்ஃபிக்காரர்தான் நம்ம குரு.

இன்னொன்று வேகம். எவ்வளவு சீக்கிரம் உறைகிறதோ அவ்வளவு சின்னதாகத் துகள்கள் இருக்கும். இதைப் பின்னால் ஃப்ரீஸர் பக்கம் போகும்போது பார்ப்போம்.

அடுத்து, திரியுற பிரச்னை

பாலில் கேசீன் என்று ஒரு புரதம் இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாலில் மிதக்கும். புளிப்பு ஏறினால் அந்தத் தள்ளும் சக்தி போய், எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடும். பாலின் பிஹெச் சுமார் 6.6. அது 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் திரளும். எலுமிச்சைச் சாறு 2, 2.5 அளவில் இருக்கிறது. பால் சூடாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கட்டி வேறு தண்ணி வேறாகப் பிரிந்துவிடும். பன்னீர் செய்கிறவர்கள் வேண்டுமென்றே செய்வதை நான் தெரியாமல் செய்திருந்தேன்.

இதற்கான விடை ஒரு டின்னுக்குள் இருக்கிறது. கண்டென்ஸ்டு மில்க்.

அதில் எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கலக்கிப் பாருங்கள். திரியாது, கெட்டியாகும். ஸ்பூனைத் தூக்கினால் புட்டிங் மாதிரி மெதுவாக வழியும். கேசீன் இங்கேயும் ஒட்டத்தான் செய்கிறது. ஆனால், அதில் தண்ணி ரொம்பக் கம்மி, சர்க்கரை மட்டுமே குறைந்தது 40 சதவீதம். பிரிந்து ஓடத் தண்ணி இல்லாததால், மொத்தக் கலவையும் ஒன்றாக இறுகிவிடுகிறது. எதிரியாக நினைத்த எலுமிச்சை இங்கே கெட்டியாக்கும் வேலையைச் செய்துகொடுக்கிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கெய்ல் போர்டன் என்பவர் 1856-ல் கண்டென்ஸ்டு மில்க்குக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். ஃப்ளோரிடாவின் கீஸ் தீவுகளில் அப்போது பாலைக் கெடாமல் வைக்க வழியில்லை. டின் பாலும் அங்கே விளைந்த சின்ன எலுமிச்சையும் சேர்ந்து பிறந்ததுதான் கீ லைம் பை என்ற இனிப்பு.

இதில் நமக்கு ஒரு ஜாக்பாட் இருக்கிறது. அந்தக் கீ லைமும், நம்ம ஊர்க் கடையில் உருண்டையாக, தோல் மெலிசாகக் கிடைக்கும் எலுமிச்சையும் ஒரே இனம். வெளிநாட்டு வீடியோக்களில் 'லெமன்' என்று காட்டுவது பெரிசாக, நீளமாக, தோல் தடிமனாக இருக்குமே, அது வேற பழம். நம்ம பழம் அதைவிடச் சின்னது, வாசனையில் காரம் அதிகம். அதனால் 'ரெண்டு லெமன்' என்று வெள்ளைக்காரர் சொன்னால் அப்படியே ரெண்டு எண்ணிப் போடாதீர்கள், சாற்றை அளந்து ஊற்றுங்கள். புளியங்குடிப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ஒரு பை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் எலுமிச்சை விற்கும் விலைக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

சரி, செய்யலாம்

சுமார் 70 மில்லி பிடிக்கிற அச்சில் எட்டு ஐஸ் வரும் அளவு இது. கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம். டெட்ரா பேக்கில் வரும் ஃப்ரெஷ் க்ரீம் 250 மில்லி (இதில் கொழுப்பு சுமார் 25 சதவீதம் இருக்கும், அதுவே போதும்). மெல்லிய துணியில் கட்டித் தண்ணி வடித்த புளிக்காத தயிர் 100 கிராம். எலுமிச்சைச் சாறு 60 மில்லி, அதாவது நாலைந்து பழம். மூன்று பழத்தின் தோல் துருவல். சர்க்கரை ரெண்டு டேபிள்ஸ்பூன். புதினா இலை ஒரு கைப்பிடி. ஒரு சிட்டிகை உப்பு. சாதாரணப் பால் இந்த லிஸ்ட்டில் கிடையாது. தயிர் இருக்கலாம், அது ஏற்கெனவே புளித்து உறைந்தது, எலுமிச்சை அதை இனிமேல் என்ன செய்துவிடும்?

பழத்தைப் பிழிவதற்கு முன்னால் துருவுங்கள். பிழிந்த பிறகு துருவினால் விரல்தான் துருவப்படும். எலுமிச்சையின் நிஜமான வாசனை சாற்றில் இல்லை, தோலில் இருக்கும் எண்ணெயில்தான் இருக்கிறது. சாறு புளிப்பு மட்டும் தரும். நம்ம பழத்துக்குத் தோல் காகிதம் மாதிரி என்பதால் துருவியின் ரொம்பச் சின்னக் கண்ணில், பழத்தைத் திருப்பித் திருப்பி லேசாக ரெண்டு இழுப்பு போதும். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி வந்துவிட்டால் கசக்கும். துருவலை அந்த ரெண்டு ஸ்பூன் சர்க்கரையில் போட்டு விரல் நுனியால் கசக்குங்கள். சர்க்கரை ஈரமாகி வீடே மணக்கும். இந்த ஸ்டெப்பை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க ப்ளீஸ்.

புதினாவை அரைக்கவே கூடாது. அரைத்த இலை உறைந்தால் வாயில் புல் மாதிரி சிக்கும், கசப்பும் இறங்கும். இன்னொரு வில்லங்கம், இலையின் பச்சைக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சை பட்டதும் அது பழுப்புப் பச்சையாகிவிடும். என்னுடைய ரெண்டாவது ஐஸ் குட்டைத் தண்ணி நிறத்தில் இருந்ததற்குக் காரணம் அதுதான். அதனால் வாசனையை மட்டும் எடுத்துக்கொண்டு இலையை அனுப்பிவிடலாம். க்ரீமையும் அந்தச் சர்க்கரையையும் சின்னத் தீயில் வைத்து, ஓரத்தில் ஆவி கிளம்பியதும் இறக்குங்கள். கொதிக்க விட்டால் பிரிந்துவிடும். நன்றாகக் கழுவிய புதினாவைக் கையால் ஒரு தடவை நசுக்கி அதில் போட்டு, மூடி, இருபது நிமிஷம் மறந்துவிடுங்கள். வாசனை எண்ணெய்கள் கொழுப்பில் அழகாகக் கரையும். வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வைத்து ஜில்லென்று ஆக்குங்கள். ஐஸ் வெள்ளையாகத்தான் வரும், வாயில் வைத்தால்தான் புதினா தெரியும். எனக்கு இந்த சர்ப்ரைஸ் பிடித்திருக்கிறது. பச்சையாக இல்லையே என்று கலர் ஊற்றுகிறவர்களை என்ன சொல்ல.

இனி கண்டென்ஸ்டு மில்க்கில் எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். கெட்டியாகும். அதில் தயிர், அப்புறம் குளிர்ந்த க்ரீம், உப்பு. இப்போது ருசி பாருங்கள். கொஞ்சம் ஓவர் இனிப்பாக, ஓவர் புளிப்பாக இருந்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும். டைனிங் டேபிளில் கச்சிதமாக இருக்கும் கலவை ஃப்ரீஸரிலிருந்து சப்பென்று வரும். டயட் என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் அதே கல் திரும்பி வரும். சர்க்கரை இங்கே ருசிக்கு மட்டும் இல்லை, தண்ணியை முழுசாக உறையவிடாமல் தடுப்பதும் அதுதான். குறைக்கணும் என்று தோன்றினால் ஐஸின் சைஸைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அச்சு, குச்சி, ஃப்ரீஸர்

அச்சு வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் சின்ன எவர்சில்வர் டம்ளர் பிளாஸ்டிக்கைவிட நல்லது. உலோகம் குளிரைச் சீக்கிரம் கடத்தும், அதனால் சீக்கிரம் உறையும், துகளும் சின்னதாக இருக்கும். ஹாஸ்டலிலோ ரூமிலோ இருப்பவர்களுக்கு டீக்கடைப் பேப்பர் கப் கைகொடுக்கும், கிழித்துச் சாப்பிடலாம். குச்சி விஷயத்தில் மட்டும் கவனம். ஸ்டேஷனரி கடையில் கிராஃப்ட் வேலைக்கு விற்கும் குச்சி உணவுக்கானது இல்லை, கலர் அடித்தது என்றால் தொடவே தொடாதீர்கள். உணவுக்கென்று விற்பதை வாங்குங்கள், இல்லாவிட்டால் வீட்டு ஸ்பூனைத் தலைகீழாகக் குத்துங்கள். இந்தக் கலவை கெட்டி என்பதால் முக்கால் மணி நேரம் கழித்துக் குத்தினால் நேராக நிற்கும்.

வீட்டு ஃப்ரீஸர் நன்றாக வேலை செய்தால் மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரை போகும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் என்றால் உள்ளே வெள்ளையாக ஐஸ் அப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் படலம் கம்பளி மாதிரி, குளிரை வரவிடாது. டீஃப்ராஸ்ட் பண்ணிவிட்டு, ரெண்டு மணி நேரம் முன்னாடியே குளிரை முழுசாக வைத்து, டம்ளர்களை ஆழத்தில், அடித்தட்டைத் தொடுகிற மாதிரி வையுங்கள். மேலே ஃபாயிலோ தட்டோ மூடுங்கள். கொழுப்பு எல்லா வாசனையையும் இழுக்கும். பக்கத்தில் வஞ்சிரம் இருந்தால் ஐஸும் வஞ்சிரம்தான்.

ஃப்ரீஸர் ரொம்ப வீக் என்றால் பானை ஐஸ்காரர் டெக்னிக் இருக்கிறது. அகலமான பாத்திரத்தில் உடைத்த ஐஸும் கைநிறையக் கல்லுப்பும் போட்டுக் கலந்து, நடுவில் டம்ளர்களை நிறுத்துங்கள். உப்பு ஐஸை உருகவைக்கும், உருக வேண்டிய வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து உறிஞ்சும். சரியான அளவில் இந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கக்கூடியது. ஒரு மணி நேரம் இதில் இருந்துவிட்டு அப்புறம் ஃப்ரீஸருக்குப் போனால் ஐஸ் எவ்வளவு மழமழப்பாக வருகிறது என்று பாருங்கள். உப்புத் தண்ணி டம்ளருக்குள் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆறிலிருந்து எட்டு மணி நேரம். எடுக்கும்போது டம்ளரைச் சாதாரணத் தண்ணியில் பத்து, பதினைந்து செகண்ட் முக்கித் திருகினால் வந்துவிடும். சூடு தண்ணி வேண்டாம், வெளிப்பக்கம் உருகிக் குச்சி மட்டும் கையோடு வரும்.

புதினா இல்லைன்னா?

திருநீற்றுப்பச்சிலை கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். ஜிகர்தண்டா, ஃபலூடாவில் வழவழவென்று மிதக்கும் சப்ஜா விதை இந்தச் செடியோடதுதான். எலுமிச்சையோடு அப்படி ஒரு ஜோடி. துளசி, கமலா ஆரஞ்சோடு நன்றாக இருக்கும். ஆனால் அதில் கிராம்பு வாசனை தூக்கல் என்பதால் ஏழெட்டு இலைக்கு மேல் போனால் கோயில் தீர்த்தம் ஆகிவிடும். கற்பூரவள்ளியையும் ட்ரை பண்ணினேன். சளி மருந்தைக் குச்சியில் சாப்பிட ஆசை இருப்பவர்கள் மட்டும் செய்யவும்.

பால் சேராதவர்களுக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது. திக்கான முதல் பால் 300 மில்லியில் 80 கிராம் சர்க்கரை, நசுக்கிய எலுமிச்சைப்புல் ரெண்டு தண்டு, கட்டியில்லாமல் கரைத்த சோள மாவு ரெண்டு டீஸ்பூன் சேர்த்து, சின்னத் தீயில் லேசாகக் கெட்டியாகும் வரை கிளறி, வடிகட்டி ஆறவிடுங்கள். அந்த மாவு தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தேங்காய்ப்பாலும் பிரியாது. நன்றாக ஆறிய பிறகு 100 மில்லி சாத்துக்குடிச் சாறு. சாத்துக்குடியில் புளிப்பு கம்மி, அதனால் ஒரு எலுமிச்சையும் பிழியலாம். சாற்றைக் கடைசி நிமிஷத்தில்தான் பிழிய வேண்டும். சாத்துக்குடி ஜூஸ் வைத்திருந்தால் கசக்கும் என்பது உங்களுக்கே தெரியும், சூடு பட்டால் இன்னும் மோசம். உண்மையைச் சொன்னால், இது க்ரீம் வெர்ஷன் அளவுக்கு மென்மையாக வராது. தேங்காய்க் கொழுப்பு குளிரில் மெழுகு மாதிரி இறுகிவிடும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்து அஞ்சு நிமிஷம் பொறுத்துச் சாப்பிட்டால் சரியாகிவிடும்.

நீர்மோரில் நாரத்தை இலையைக் கசக்கிப் போட்டுக் குடித்த பழக்கம் உங்கள் வீட்டில் உண்டா? கெட்டித் தயிர், இடித்த நாரத்தை இலை, துளி இஞ்சி, உப்பு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து வடிகட்டி உறையவைத்த மோர் ஐஸ் ஒன்று அப்பாவுக்காகச் செய்தேன். மத்தவங்க யாருக்கும் பிடிக்கலை. அவர் ரெண்டு சாப்பிட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். ஃப்ரீஸரில் வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறோம். பெரும்பாலான கிருமிகள் குளிரில் வளராமல் சும்மா இருக்கும், உருகினால் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். அதனால் கீரையைக் கழுவுவதைவிடக் கவனமாக இலைகளைக் கழுவுங்கள், கடைசி அலசல் குடிக்கிற தண்ணியில் இருக்கட்டும். பராமரிப்புக்காக நாள் முழுக்க கரன்ட் போய், ஐஸ் முழுசாக உருகிச் சூடேறிவிட்டால் திரும்ப உறையவைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள். மனசு வலிக்கும்தான். குழந்தைகளுக்குக் கொடுக்கிற பால் ஐட்டத்தில் ரிஸ்க் வேண்டாம். உறைந்த நிலையிலேயே இருந்தால் மூடிய டப்பாவில் ரெண்டு வாரம் நன்றாக இருக்கும், அதற்கப்புறம் மேலே பனி படிந்து ருசி குறைய ஆரம்பிக்கும்.

எங்கள் வீட்டில் ரெண்டு வாரம் எல்லாம் தேவைப்படவில்லை. மூணாவது தடவை செய்த எட்டில் அஞ்சை மத்தியானமே காணோம். பாப்பாவிடம் எப்படி இருக்கு என்று கேட்டால் பதில் வரவில்லை, வாயில் ஐஸ் இருந்தது. இந்த வருஷம் அவள் வருவதற்குள் எலுமிச்சை விலை இறங்கினால் தேவலை.